மலைப்பாதையும் சேற்றுவயலும்: ஊர்தி வடிவமைக்கும் பொறியியலாளரின் தொழில்

கொழும்பிலிருந்து கண்டிக்கு வரும் பெருந்தெரு மாவனெல்லையைக் கடந்த பின்னர் மலைமேல் ஏறத் தொடங்குகின்றது. ஓரிடத்திற் பாறையையே குடைந்து வழி அமைத்திருப்பதை அவ்வழிச் சென்றோர் யாவரும் அறிவர். 1820களில் இப்பாதையை வகுத்த கப்டன் டோசன் என்பாரின் நினைவாக எழுப்பப்பட்ட கோபுரம் கடுகண்ணாவையில் இன்றும் நின்று அவர் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கின்றது. பாதை வகுத்தவருக்குக் கோபுரம் உண்டு. அப்பாதையில் ஏறி இறங்கும் வண்டியை வகுத்தவர் யார் என்று கேட்பார் இலர். வண்டியின் முகப்பில் ஒரு கம்பெனியின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். அதன் ஒவ்வோர் உறுப்பையும் எண்ணி, அளந்து, வரைந்து, உடைத்துப் பார்த்து, மீண்டும் வரைந்த மனிதரின் பெயர் எங்கும் இராது.

ஊர்தியை வடிவமைத்தல் என்றதும் அதன் மேனியழகைத் தீட்டுதல் என்றே பலர் எண்ணுவர். அதுவும் அத்தொழிலின் ஒரு கூறே. ஆயின் சிறு கூறு. சில்லு, அச்சு, வில், எஞ்சின், கியர்ப்பெட்டி, பிரேக்கு, இருக்கை ஆகியன ஒன்றோடொன்று இடத்துக்கும் எடைக்கும் விலைக்கும் ஓயாது வழக்காடுவன. அவ்வழக்கைத் தீர்த்து வைக்கும் நடுவரே வடிவமைக்கும் பொறியியலாளர். எஞ்சினுக்கு இரண்டு அங்குலம் கூட்டினால் பயணியின் காலுக்கு இரண்டு அங்குலம் குறையும். தகட்டைத் தடிப்பாக்கினால் வலிமை மிகும், எடையும் மிகும், அதனைச் சுமக்க எஞ்சின் பெருக்க வேண்டும், அதற்கு எரிபொருள் மிக வேண்டும்.

இதனைக் கடுகண்ணாவை ஏற்றத்தையே கொண்டு விளக்கலாம். ஒரு சிறிய காரும் அதிலுள்ள நால்வரும் சேர்ந்து 1,050 கிலோகிராம் எனக் கொள்வோம். பதினைந்து அடி செல்ல ஓர் அடி உயரும் சாய்வில் அது மணிக்கு 36 கிலோமீற்றர் வேகத்தில் ஏறுகின்றது. புவியீர்ப்பு பின்னோக்கி இழுக்கும் விசை மட்டும் ஏறத்தாழ 690 நியூற்றன். சில்லுகளின் உருளல் தடையையும் காற்றின் தடையையும் சேர்த்தால் 900 நியூற்றன் ஆகும். ஒரு செக்கனுக்குப் பத்து மீற்றர் என்ற வேகத்தில் இதற்கு வேண்டிய வலு 9 கிலோவாற்று. பரிவலுக் கணக்கிற் சொன்னால் ஏறத்தாழ 12. முதன்முதல் வெளிவந்த மொறிஸ் மைனர் காரின் எஞ்சின் 27 பரிவலுவுக்குச் சற்று மேற்பட்டது. இருமடங்குக்கு மேல் இருக்கின்றதே, பின்னர் ஏன் அது ஏற்றத்தில் முக்கித் திணறுகின்றது? எஞ்சினின் முழு வலுவும் அது மிக விரைவாகச் சுழலும்போதே கிடைக்கும் என்பதே விடை. உச்சக் கியரில் மணிக்கு 36 கிலோமீற்றர் செல்லும்போது அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,500 முறையே சுழலும். அந்நிலையில் அதனிடமிருந்து பெறக்கூடியது பத்துப் பரிவலு அளவே. ஆகவே சாரதி கியரைக் குறைக்கின்றார். எஞ்சின் விரைந்து சுழல்கின்றது, கூடிய வலுவைத் தருகின்றது, வண்டி ஏறுகின்றது. இங்கிலாந்தின் சமதரையை மனத்திற் கொண்டு கியர்ப் பற்களை எண்ணியவர் கண்டிச் சாரதியின் கையை ஓயவிடாது செய்துவிட்டார் எனலாம்.

ஏற்றத்தினும் இறக்கமே வடிவமைப்பாளரை அஞ்சச் செய்வது. பத்துத் தொன் எடையுள்ள பஸ் வண்டி ஒன்று 300 மீற்றர் உயரம் இறங்குவதாகக் கொண்டால் 29 மில்லியன் யூலுக்கு மேற்பட்ட சத்தி எங்காவது போய்ச் சேர வேண்டும். சாரதி பிரேக்கை மட்டும் நம்பினால் அத்தனையும் பிரேக்குக் கலத்தில் வெப்பமாக மாறும். 90 லீட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம் அது. பிரேக்கு உறையின் பிடிப்புத் தளரும். குழாயில் உள்ள திரவம் கொதித்தால் மிதிகட்டை வெறுமனே உள்ளே போகும். மலைநாட்டு வீதிகளிற் பஸ் வண்டிகள் பள்ளத்திற் பாய்ந்த செய்திகளைப் படிப்போர் பெரும்பாலும் சாரதியையே பழிப்பர். பிரேக்குக் கலத்தின் பருமனை ஓர் அங்குலம் குறைத்து வரைந்த கை எங்கோ தொலைவில் இருக்கும். ஏறும்போது எந்தக் கியரில் ஏறினோமோ அதிலேயே இறங்குக என்னும் பழைய சாரதிகளின் வழக்கு எஞ்சினையே ஒரு பிரேக்காகப் பயன்படுத்துவது. நூலறிவுக்கு முற்பட்ட நல்லறிவு. மின்சாரத்திலும் கலப்பு முறையிலும் இயங்கும் இன்றைய கார்கள் இறங்கும்போது மோட்டாரை மின்பிறப்பாக்கியாக மாற்றி இச்சத்தியில் ஒரு பகுதியை மின்கலத்துக்குத் திருப்பி அனுப்புகின்றன. மேற்சொன்ன பஸ் வண்டியின் இறக்கத்தில் இருப்பது ஏறத்தாழ எட்டு அலகு மின்சாரம். அதிற் பாதியை மீட்டாலும் சிறிதன்று.

இத்தொழிலுக்கு வரும் வழி முற்காலத்தில் வேலைத்தலத்தின் வழியாகவே அமைந்தது. சிறுவன் ஒருவன் பயிலுநனாகச் சேர்வான், அரம் பிடிப்பான், கடைசற் பொறியில் நிற்பான், பின்னர் வரைபலகைக்கு உயர்வான். இன்று பல்கலைக்கழகப் பட்டம் இன்றியமையாதது. இலங்கையிற் பொறியியற் பீடம் 1950இற் கொழும்பில் ஆரம்பமாகிப் பேராசிரியர் ஈ. ஓ. ஈ. பெரேராவின் தலைமையில் வளர்ந்து 1964இற் பேராதனைக்கு வந்தது. மகாவலிக் கரையில் இயந்திரப் பொறியியல் கற்கும் மாணவன் முதலிற் கற்பது காரைப் பற்றியன்று. பொருள்களின் வலிமை, வெப்பவியக்கவியல், பாய்ம இயக்கம், அதிர்வு ஆகியவற்றைப் பற்றியே. கார் பின்னரே வரும். வரைபலகை மறைந்து கணினித் திரை வந்துவிட்டது; ஓர் உறுப்பைச் செய்து உடைத்துப் பார்க்குமுன் அதனை ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளாகப் பகுத்து எங்கே முறியும் என்று கணிக்க முடிகின்றது. ஆயினும் மாதிரி வண்டி ஒன்றைக் கட்டி, கல்லிலும் மேட்டிலும் ஓட்டி, முறிவது முறியட்டும் என்று காத்திருக்கும் பரீட்சை ஒழியவில்லை. முழுக் காரையும் தனியொருவர் வடிவமைக்கும் காலமும் போய்விட்டது. இன்றைய இளம் பொறியியலாளர் ஒருவர் கதவுப் பிணைச்சல் ஒன்றிலேயே மூன்றாண்டுகளைக் கழிக்க நேரலாம். அதனை இழிவென்று கருதுபவர் இத்தொழிலுக்கு ஏற்றவரல்லர். அந்தப் பிணைச்சல் ஐம்பதாயிரம் முறை திறந்து மூடியும் கிரீச்சிடாதிருப்பதில் இன்பம் காண்பவரே ஏற்றவர்.

சில்லுக்குக் கீழே இருப்பதையும் அறிய வேண்டும் என்பது பலரால் மறக்கப்படும் செய்தி. வண்டியைத் தாங்குவது மண். ஈரக் களிமண் எந்த அளவு சுமைக்கு நெகிழும் என்ற ஆராய்ச்சியிற் கேம்பிரிட்ஜில் ரொஸ்கோ, ஸ்கோபீல்ட் என்போருடன் 1963இல் வெளிவந்த புகழ்பெற்ற கட்டுரையின் மூன்றாவது ஆசிரியர் வடமராட்சியிற் பிறந்து, ஹாட்லிக் கல்லூரியிற் கற்று, பின்னர் பேராதனைப் பொறியியற் பீடத்தின் பீடாதிபதியாகவும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் விளங்கிய அழகையா துரைராசா ஆவார். அவர் ஊர்தி வடிவமைத்தவரல்லர். ஆயினும் சேற்றில் அமிழும் சில்லைப் பற்றி எண்ணுபவர் எவரும் அவர் உழைத்த துறையின் வாயிலைக் கடந்தே செல்ல வேண்டும்.

வடிவமைப்பாளரின் தொழில்வாழ்க்கை எத்தகையது என்பதற்கு இலங்கையர் நன்கறிந்த காரொன்றின் கதையே போதும். அலெக் இசிகோனிஸ் 1906இல் அக்காலத் துருக்கிப் பேரரசின் சிமேர்னா நகரிற் பிறந்தார். போரினால் ஊர்விட்டு, மோல்ற்றா வழியாக, தாயுடன் இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்தார். பற்றர்சிப் பொலிரெக்னிக்கிற் பயின்றபோது கணிதத்தில் மும்முறை தோற்றார். கணிதம் கைவராதவர் பொறியியலாளராதல் எங்ஙனம் என்று ஆசிரியர்கள் வியக்கலாம். அவருக்குக் கை எழுதியது. அதாவது, கண்ணில் தோன்றியதைக் கையாற் கிறுக்கிக் காட்டும் ஆற்றல் இருந்தது. கணக்கைப் பிறர் செய்தனர். இது மாணவர்களுக்கு முன்மாதிரியாகச் சொல்லத்தக்கதன்று. இசிகோனிஸ் ஒருவரே பிறந்தார். கணிதத்தில் மும்முறை தோற்றோர் பலர்.

1936இல் மொறிஸ் கம்பெனியிற் சேர்ந்த அவர், இரண்டாம் உலகப்போர்க் காலத்திலேயே சிறு காரொன்றைத் தீட்டத் தொடங்கினார். எஞ்சினை முன்னே தள்ளினார், சில்லுகளைச் சிறிதாக்கினார், பற்சட்ட முறையிலான சுக்கானைப் பொருத்தினார். கம்பெனியின் அதிபர் நபீல்ட் பிரபு அக்காரைக் கண்டு, வேகவைத்த முட்டையைப் போலிருக்கின்றது என்று இகழ்ந்தார் என்பர். உற்பத்தி தொடங்கும் தறுவாயில் இசிகோனிசுக்குத் தம் கார் ஒடுக்கமாக இருப்பதாகத் தோன்றிற்று. மாதிரி வண்டியை நெடுக்குவாட்டில் இரண்டாக அறுக்கச் செய்தார். இரு பாதிகளையும் சற்றுச் சற்றாக விலக்கி வைத்துப் பார்த்து, நான்கு அங்குலம் அகன்றபோது, இதுவே சரி என்றார். அதற்குள் முன்காப்புச் சட்டங்கள் செய்து முடிந்துவிட்டமையால் அவற்றையும் நடுவே அறுத்து நான்கங்குலத் துண்டொன்றை ஒட்ட வேண்டியதாயிற்று. ஆரம்பகால மொறிஸ் மைனரின் முன்காப்பிலுள்ள அந்த ஒட்டுத் துண்டையும், எஞ்சின் மூடியின் நடுவே ஓடும் மேட்டு வரம்பையும் அறிந்தவர்கள் அந்த இரவின் தழும்பென்றே அவற்றைப் பார்ப்பர். 1948 ஒக்ரோபரில் அறிமுகமான அக்கார் பதினாறு இலட்சத்துக்கும் மேல் விற்பனையாயிற்று.

சூயெஸ் நெருக்கடியின் பின் எரிபொருள் அருகியபோது அவரிடம் இன்னும் சிறிய கார் கேட்கப்பட்டது. 1959இல் வெளிவந்த மினி பத்தடி நீளமே உடையது. அதில் நால்வர் வசதியாக அமர வேண்டும். எஞ்சினை நெடுக்காக வைப்பதை விட்டுக் குறுக்காக வைத்தார்; கியர்ப்பெட்டியை எஞ்சினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டிக்குள்ளேயே புகுத்தினார்; சில்லின் விட்டம் பத்தங்குலமாகச் சுருங்கிற்று; எஃகு வில்லுக்குப் பதிலாக அலெக்ஸ் மோல்ற்றன் வகுத்த இறப்பர்க் கூம்புகள் வந்தன. அந்த இறப்பரிற் சிறிதேனும் இலங்கைத் தோட்டமொன்றிற் பால்வடிந்ததாக இருக்கலாமோ என்று எண்ணுவதில் தவறில்லை. இன்று உலகில் ஓடும் சிறு கார்களிற் பெரும்பாலானவற்றில் எஞ்சின் குறுக்காகவே கிடக்கின்றது. எனினும் முதல் மினிகளின் தரைத்தகட்டின் வழியாக மழைநீர் உள்ளே ஊறிற்று என்பதையும் மறைத்தலாகாது. மாதிரி வண்டிகள் ஓடிப் பார்க்கப்பட்டது வறண்ட கோடையில். மழையின்றி நடந்த பரீட்சை, மழையைப் பற்றி ஒன்றும் சொல்லாது. 1969இற் பட்டம் பெற்று அவர் ‘சேர்’ அலெக் ஆனார். அதற்குமுன்னரே கம்பெனி பெருங் கூட்டொன்றில் இணைந்துவிட, தலைமை அவர் கையினின்று போயிற்று. மினிக்கு மாற்றாக அவர் வகுத்த இன்னும் சிறந்த கார் வெளிவரவே இல்லை. 1971இல் ஓய்வு பெற்றார், 1988இல் மறைந்தார்.

இலங்கையில் அக்கார்களின் கதை வேறொரு திசையிற் சென்றது. 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்து புதுக் கார்களின் இறக்குமதி இறுகியது. 1977 வரை அவ்வாறே இருந்தது. கண்டியிலும் கட்டுகஸ்தோட்டையிலும் கம்பளையிலும் இருந்த கராஜ் வேலையாட்கள் இல்லாத உதிரிப்பாகத்தைக் கடைந்தும், வார்த்தும், வேறொரு வண்டியினதை அராவிப் பொருத்தியும் பழைய மைனர்களை மலையேற்றினர். அவர்களும் ஒருவகையில் வடிவமைப்பாளர்களே. வரைபடம் மட்டும் இல்லை. 1990களில் இலங்கையின் தெற்கே மொறிஸ் மைனருக்கான தகட்டுறுப்புகள் செய்யப்பட்டு, அக்கார் பிறந்த இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயின என்பது அந்தக் கைத்திறனுக்குக் கிடைத்த சான்று. அதே வீதிகளில் இன்று நிறைந்திருக்கும் முச்சக்கர வண்டியின் மூதாதை, போருக்குப்பின் இத்தாலியில் வானூர்திப் பொறியியலாளர் கொறடினோ டஸ்கானியோ வெஸ்பா என்னும் ஸ்கூற்றரை வகுத்ததிலிருந்து பிறந்தது. வானூர்தி செய்யத் தடை வந்தமையால் அவர் தரைக்கு இறங்கினார்.

வானூர்தியிலிருந்து தரைக்கு இறங்கிய இலங்கையர் ஒருவரும் உண்டு. இத்தொழிலில் உள்ள மிகக் கடினமான வினாவைத் தம் வாழ்க்கையினாலேயே எழுப்பியவர் அவர். றே விஜேவர்த்தன 1924 ஓகஸ்ற் 20ஆம் நாள் கொழும்பிற் பிறந்தார். கல்கிசைச் சென் தோமஸ் கல்லூரியிலும் பின்னர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் பீற்றர்ஹவுஸ் கல்லூரியிலும் பயின்றார். அவர் கற்றது வானூர்திப் பொறியியலும் இயந்திரப் பொறியியலும் விவசாயப் பொறியியலும். அவர் நெஞ்சிற் குடிகொண்டிருந்தது பறத்தல். ஆயின் ஊர் திரும்பியவர் கண்டது வயல், எருமை, சேறு.

கண்டியைச் சூழ்ந்த பள்ளத்தாக்குகளிலுள்ள வயல்களை அறிந்தவருக்கு அப்போது எழுந்த பிரச்சினை விளங்கும். மலையடியிற் படிப்படியாக இறங்கும் வயற்படிகள் சில இடங்களிற் பத்தடி அகலமும் இல்லாதவை. மேனாட்டு நாற்சில்லு உழவு இயந்திரம் அங்கே இறங்கினால் வரம்பை உடைக்கும், திரும்ப இடமின்றி நிற்கும், சேற்றில் அச்சளவு அமிழும். அதன் எடையைச் சேறு தாங்காது. விஜேவர்த்தன நாற்சில்லில் இரண்டைக் கழற்றினார் எனச் சுருங்கச் சொல்லலாம். ஒற்றை அச்சின்மேல் சிறு எஞ்சின். பின்னோக்கி நீளும் இரு கைபிடிகள். அவற்றைப் பிடித்துக்கொண்டு உழவன் பின்னே நடப்பான். எஞ்சினால் நேரே சுழலும் கத்திகள் மண்ணைக் கிளறும். சேற்றில் இறப்பர்ச் சில்லைக் கழற்றிவிட்டு இரும்புக் கூட்டுச் சில்லைப் பூட்டலாம். அது பரந்து மிதித்து, அமிழாது பற்றும். வேலை முடிந்தால் பின்னே இழுவைப் பெட்டியைக் கொளுவி நெல்மூட்டையையும் குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு வீதியிற் போகலாம். 1950களின் நடுப்பகுதியில் வடிவெடுத்த இப்பொறியை இங்கிலாந்தின் நொட்டிங்காம் பகுதியிலிருந்த கம்பெனி ‘லான்ட்மாஸ்ரர்’ என்னும் பெயரில் உற்பத்தி செய்து வெப்பவலய நாடுகளுக்கு அனுப்பிற்று. பிற்காலத்தில் யப்பானியப் பொறிகள் வந்து நிறைந்தபோதும், எந்தக் கம்பெனியின் பொறியாயினும் அதனை ‘லான்ட்மாஸ்ரர்’ என்றே அழைக்கும் வழக்கு இலங்கையில் நிலைத்துவிட்டது. வடிவமைப்பாளர் ஒருவருக்கு இதனினும் பெரிய புகழ் வேண்டுவதில்லை.

அவரோ அதனோடு நிறைவடையவில்லை. அமெரிக்காவின் ஹாவட் பல்கலைக்கழகத்தில் வெப்பவலய விவசாயத்தை இயந்திரமயமாக்குதல் பற்றி அவர் படம் காட்டி விரிவுரை நிகழ்த்தியபோது, அவையிலிருந்த ஒருவர், அந்தப் பொறி விளைச்சலைக் கூட்டியதா என்று வினவினார். விஜேவர்த்தனவிடம் விடை இல்லை. இதனைப் பிற்காலத்திற் பேட்டிகளில் அவரே மறையாது சொல்லியிருக்கின்றார். பொறி விரைவாக உழுதது, ஆழமாக உழுதது, உழவனின் முதுகெலும்புக்கு ஓய்வு தந்தது. ஆயின் ஓர் ஏக்கருக்கு எத்தனை புசல் கூடியது? உழவனின் கையில் எத்தனை ரூபா மிஞ்சியது? இவ்வினாவை அவர் தாமே தமக்குள் வளர்க்கத் தொடங்கினார்.

எருமையையும் பொறியையும் அருகருகே நிறுத்திக் கணக்கிட்டால் அவ்வினாவின் கூர்மை தெரியும். எருமை புல்லைத் தின்று உழைக்கின்றது. சாணமும் பாலும் தருகின்றது. கன்று ஈன்று தன் இடத்துக்குத் தானே ஆள் வைத்துவிட்டுப் போகின்றது. அதன் குளம்பு சேற்றை மிதித்து இறுக்கி வயலடியில் நீர் கசியாத படையை உண்டாக்குகின்றது. பொறியோ அந்நியச் செலாவணி கொடுத்து வாங்கிய எண்ணெயைக் குடிக்கின்றது; தேய்ந்தால் உதிரிப்பாகத்துக்குக் கப்பலை எதிர்பார்க்கின்றது; கன்று போடுவதில்லை. இவ்வளவும் உண்மையே. ஆயினும் கணக்கின் மறுபக்கத்தையும் விட்டுவிடலாகாது. மழை பெய்த சில நாட்களுக்குள் நிலம் பண்பட வேண்டுமானால் எருமையின் நடை போதாது. கூலியாள் கிடையாத ஊரில் உழவன் தனியனாய் நின்று தன் வயலைக் காலத்தில் விதைக்க முடிந்தது பொறியினாலேயே. விளைச்சல் கூடவில்லை என்பது பொறி பயனற்றது என்பதற்கு நிறுவலாகாது. பயன் வேறிடத்தில் இருந்தது. விஜேவர்த்தன பொறியைப் பழித்தது சற்று மிகை என்றே நடுநின்று நோக்குவோர் கருதக்கூடும்.

மேட்டுநிலத்தைப் பொறுத்தவரை அவர் கண்டது முழு உண்மை. நெல்வயலிற் சேறு கலக்குவதற்குக் காரணம் உண்டு. மலைச்சரிவில் உழுவதற்குக் காரணம் பெரும்பாலும் களையை அழித்தல் ஒன்றே. குளிர்நாட்டிற் பனி உருகி மெல்ல நனையும் மண்ணை உழுவதும், ஒரு மணி நேரத்திற் கொட்டித் தீர்க்கும் வெப்பவலய மழைக்கு முன்னே மண்ணைத் திறந்து போடுவதும் ஒன்றாகா. ஒரு ஹெக்ரயர் சரிவிலிருந்து ஒரு மில்லிமீற்றர் தடிப்பான மேல்மண் கழுவப்பட்டால் அது ஏறத்தாழ 13 தொன் மண். ஒரு மில்லிமீற்றர் போனதைக் கண் அறியாது. அந்த மண் எங்கே போகின்றது என்பதைக் கண்டியிலிருப்போருக்குச் சொல்ல வேண்டியதில்லை. மழைநாளிற் பேராதனைப் பாலத்தில் நின்று மகாவலியின் நிறத்தைப் பார்த்தாற் போதும். அங்குராங்கெத்தை, வலப்பனைச் சரிவுகளிற் புகையிலையும் காய்கறியும் பயிரிடத் திறந்த மண்ணும், பராமரிப்பிழந்த பழந்தேயிலைத் தோட்டங்களின் மண்ணும் அவ்வாறே ஆறுகளில் இறங்குகின்றன. 1976இற் பொல்கொல்லையில் அணைக்கட்டி மகாவலியைத் திருப்பியபோதும், 1980களின் நடுவே விக்டோரியா, கொத்மலை, ரந்தெனிகலை நீர்த்தேக்கங்கள் எழுந்தபோதும் மின்சாரத்தையும் பாசனத்தையும் கணக்கிட்டவர்களுக்கு இணையாக வண்டலைக் கணக்கிட்டவர்கள் தேவைப்பட்டனர்.

1970களில் விஜேவர்த்தன நைஜீரியாவின் இபாடன் நகரிலுள்ள சர்வதேச வெப்பவலய விவசாய ஆராய்ச்சி நிலையத்திற் பொறியியற் பகுதிக்குத் தலைமை தாங்கினார். அங்கே அவர் வகுத்த கருவிகளைக் கண்டவர் லான்ட்மாஸ்ரரை வகுத்த கைதானா இது என்று ஐயுறுவர். உழுது மண்ணைப் புரட்டும் கருவி எதுவும் இல்லை. உழாத நிலத்தில், மண்ணை மூடிக்கிடக்கும் பழம்பயிர்த் தாளினூடே, சில்லுபோல் உருண்டு சென்று வேண்டிய இடைவெளியில் வேண்டிய விதையை மட்டும் குத்தி இறக்கும் கைக்கருவி அவற்றுள் ஒன்று. எஞ்சின் இல்லை, எண்ணெய் இல்லை, ஒரு சில்லும் சில கூர்வாய்களுமே. ஊர்தி வடிவமைப்பாளர் தம் தொழிலின் எல்லை வரை வந்து, எஞ்சினையும் கழற்றி வைத்துவிட்டார்.

நாடு திரும்பியபின் மலைச்சரிவில் அவர் பரப்பிய முறை சம உயரக் கோட்டு வழியே சீமைக்கிளுவையை வேலியாக நடுதல். கிளிரிசீடியா என்னும் அம்மரம் காற்றிலுள்ள நைதரசனை மண்ணிற் சேர்ப்பது. இரு வேலிகளுக்கிடையே பயிர், வேலியைத் தறித்த இலை பயிருக்குப் போர்வையும் பசளையும், தடி விறகு, வேர் மண்ணுக்கு வேலி. தேயிலைக்கு நிழலாகவும் மிளகுக் கொடிக்குக் கொழுகொம்பாகவும் கண்டிப் பிரதேசத்தார் நீண்டகாலமாக வளர்த்து வரும் மரந்தான் அது. பலா, கமுகு, கோப்பி, மிளகு ஆகியவற்றை அடுக்கடுக்காக வளர்த்து மண்ணைத் திறக்காமலே வாழும் கண்டிய வீட்டுத்தோட்டம் இதே நெறியைப் பெயரிடாமற் கையாண்டு வந்திருக்கின்றது. கேம்பிரிட்ஜும் இபாடனும் சுற்றிவந்த பொறியியலாளர் இறுதியில் வந்து நின்ற இடம், தும்பறைக் கிழவி ஒருத்தியின் கொல்லைப்புறத்துக்கு மிக அண்மையில் இருந்தது.

சீமைக்கிளுவை விறகை எரித்து மின்சாரம் பெறலாம் என்ற கருத்தையும் அவர் விடாது வற்புறுத்தினார். தேயிலை, இறப்பர், தென்னை ஆகியவற்றுக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக அம்மரத்தை 2005இல் அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. பறக்கும் ஆசையும் அவரை விடவில்லை; முதிய வயதிலும் சிறு வானூர்திகளைத் தாமே வகுத்து, கட்டி, ஓட்டினார். தமக்காகச் செய்த ஊர்தியில் எந்தக் கணக்கும் பார்க்க வேண்டியதில்லை அல்லவா! 1968இல் மெக்சிக்கோ ஒலிம்பிக்கிற் பாய்மரப் படகோட்டப் போட்டியில் இலங்கையின் சார்பிற் கலந்துகொண்டவரும் இவரே. 2002 முதல் 2007 வரை மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராக இருந்து, புதிதாய்ப் புறப்படும் பொறியியலாளர்களுக்குப் பட்டம் வழங்கினார். 2010 ஓகஸ்ற் 18ஆம் நாள், எண்பத்தாறு நிறைவதற்கு இரு நாட்கள் இருக்க, காலமானார்.

அவர் வகுத்த சீமைக்கிளுவை வேலிகள் மலைச்சரிவுகளில் ஆங்காங்கே மட்டும் காணப்படுகின்றன. அவர் கைவிட்ட இருசில்லுப் பொறியோ வயல் உள்ள இடமெல்லாம் இருக்கின்றது. எருமைகள் அருகிவிட்டன. அறுவடைக் காலத்திற் கம்பளை வீதியிலும் தும்பறை வீதியிலும், நீண்ட கைபிடிகளுடன், பின்னே மூட்டைகளையும் அவற்றின்மேற் சிறுவர்களையும் சுமந்து, மணிக்குப் பத்துப் பன்னிரண்டு மைல் வேகத்தில், பின்வரும் கார்க்காரரின் பொறுமையைச் சோதித்துக்கொண்டு அது போய்க்கொண்டிருக்கின்றது.